பேச்சி ஏறினால் எரிகிற விளக்கு

வண்டி மீட்டரில் எரிகிற விளக்கை அணைத்துக் கொடுங்கள் என்று கேட்டுத்தான் மெக்கானிக் யாசின் கடைக்கு ஆட்கள் வருவார்கள். அணைந்துபோன விளக்கை எரியவைத்துக் கொடுங்கள் என்று கேட்டு வந்த முதல் ஆள் அகரம் நல்லுசாமிதான்.

"எட்டு நாளாச்சு பாய். ஒரு விளக்கும் எரிய மாட்டேங்குது" என்றார். வீட்டில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று சொல்ல வந்த குரல் அது.

யாசின் பிக்கப் வண்டிக்குள் தலையை விட்டுச் சாவியைத் திருகினார். மீட்டரில் எல்லா விளக்குகளும் ஒருதரம் எரிந்தன. இன்ஜின் ஓட ஆரம்பித்து, ஹேண்ட்பிரேக்கையும் இறக்கிவிட்டதும் எல்லாம் மரியாதையாக அணைந்துகொண்டன.

"எரியாம இருந்தாத்தான அண்ணே நல்ல வண்டி?"

"அது எனக்குத் தெரியாதா பாய்?" என்றவர் அதற்கு மேல் சொல்லாமல் துண்டை எடுத்து, துடைக்க வேண்டிய தேவையே இல்லாத கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். ஐம்பது வயது ஆள், ஆறடி உயரம், சந்தையில் கத்திரிக்காய்க்கு விலை பேசினால் நாலு கடை தள்ளிக் கேட்கும். அப்பேர்ப்பட்டவருக்கு இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை.

விஷயம் இதுதான். அகரத்தில் நல்லுசாமியின் வீடு அண்ணன் தம்பி மூன்று குடும்பங்கள் இருக்கிற வீடு. புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச அங்கே இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. பேச ஆரம்பித்தால் குழம்புக்குப் புளி எங்கே என்று ஒருத்தி வருவாள், மோட்டார் ஓடவில்லை என்று ஒருவன் வருவான். ஆனால் தினமும் காலையில் சம்பங்கிப் பூவையும் கத்திரிக்காயையும் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போகிற அரை மணி நேரமும், திரும்பி வருகிற அரை மணி நேரமும் அவர்களுடையவை. வண்டிக்குள் நல்லுசாமியும் முத்துப்பேச்சியும் மட்டும்தான். மகள் படிப்பு, மச்சான் கல்யாணம், அடுத்த வயலில் யார் என்ன போட்டிருக்கிறார்கள் என்று எல்லாம் பேசித் தீர்ப்பார்கள். சில நாள் சண்டையும் போடுவார்கள். வீட்டில் சண்டை போடக்கூட அவர்களுக்கு வாய்ப்பில்லை, பாவம்.

வண்டியை எடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பழைய வண்டிதான், நல்ல வண்டி. இந்தத் தை மாதத்தில்தான் சனியன் பிடித்தது. முத்துப்பேச்சி ஏறி உட்கார்ந்தால் ஹேண்ட்பிரேக் விளக்கு சிவப்பாக எரியும். கதவு திறந்திருக்கிறது என்று இன்னொரு விளக்கு எரியும். வண்டி நகர்ந்ததும் கீங், கீங் என்று ஒரு சத்தம் தொடங்கும். அவள் இறங்கினால் எல்லாம் அடங்கிவிடும். இரண்டு தடவை பின்விளக்கு ஃபியூஸும் போனது. பைபாஸில் ஒருவர் ஹேண்ட்பிரேக் சுவிட்சை மாற்றினார். தாடிக்கொம்பில் ஒருவர் கதவு சுவிட்சை மாற்றினார். அவர்கள் பார்க்கும்போதெல்லாம் வண்டி பால்குடி மறக்காத பிள்ளை மாதிரி சமர்த்தாக நின்றது.

முதலில் நல்லுசாமி இதை வைத்து அவளைக் கேலிதான் செய்தார். "ஏ புள்ள, நீ ஏறுனதும் வண்டி சல்யூட் அடிக்குது பாரு" என்பார். அவளும் சிரிப்பாள். கேலி கேலியாகவே இருந்திருந்தால் தொல்லையில்லை. நத்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனபோதுதான் அது வேறாகிவிட்டது.

அன்றைக்கு நல்லுசாமியின் அக்கா பஞ்சவர்ணமும் கூட வந்தாள். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். நடுவில் பஞ்சவர்ணம், ஓரத்தில் முத்துப்பேச்சி. நத்தம் போய்ச் சேருகிறவரை வண்டி கீங் கீங் என்று கத்தியது. திரும்பும்போது பாத்திரம் கழுவ ஆள் இல்லை என்று முத்துப்பேச்சியை அங்கேயே இருத்திக்கொண்டார்கள். பஞ்சவர்ணம் மட்டும் ஏறினாள். பஸ்ஸானாலும் சரி, கல்யாண மண்டபத்து நாற்காலியானாலும் சரி, காலை மேலே மடக்கிச் சம்மணம் போட்டுத்தான் அவள் உட்காருவாள். அப்படியே உட்கார்ந்து அகரம்வரை வந்தாள். வண்டி ஒரு சத்தம் போடவில்லை. மறுநாள் முத்துப்பேச்சி வந்து இறங்கியபோது, வாசலில் எல்லோரும் இருக்கையில், பஞ்சவர்ணம் சொன்னாள்: "சில பேரு ராசி அப்பிடி. வண்டிக்கு வாயிருக்குல்ல, சொல்லத்தான செய்யும்."

நல்லுசாமி அப்போது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அக்காவுக்குப் பயப்படுவது அவருக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். செருப்பைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். முத்துப்பேச்சி அதைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். தினமும் இரண்டு ஹாரன் அடிப்பார், அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். அன்றைக்கு அவள் வாசலுக்கு வந்து, "நீங்க போயிட்டு வாங்க. எனக்கு வேல கெடக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து எட்டு நாள். ஒருநாளும் விளக்கு எரியவில்லை. எரியாமல் இருக்க இருக்க அக்கா சொன்னது சரி என்று ஊருக்கே நிரூபணம் ஆகிக்கொண்டிருந்தது. நல்லுசாமிக்கு அந்த மீட்டரை உடைத்துப் போடலாமா என்று ஆத்திரமாக வந்தது.

இதையெல்லாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் யாசின் அவரிடமிருந்து கறந்துவிட்டார். கேட்டுச் சிரித்தார். நல்லுசாமியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"அண்ணே, வண்டிக்கு ஆள் தெரியாது. கனம் தெரியும், சூடு தெரியும், தண்ணி தெரியும். அம்புட்டுத்தான். சரி, விளக்கு எரியிறப்ப டீசல் முள்ளு எங்க நிக்கும்?"

நல்லுசாமி யோசித்தார். "அது ஃபுல்லுக்குப் போயிரும்."

"இதை ஏன் மொதல்லயே சொல்லல?"

"அது நல்ல விசயம்தான பாய். டேங்கு ஃபுல்லா இருக்குன்னு யாராச்சும் கம்ப்ளெயிண்டு குடுப்பாங்களா?"

யாசின் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். இந்த வண்டியில் டீசல் முள்ளின் வயர் எங்காவது இரும்பைத் தொட்டால் முள் ஃபுல் காட்டும். ஹேண்ட்பிரேக் வயர் இரும்பைத் தொட்டால் அந்த விளக்கு எரியும். கதவு விளக்கும் அப்படியே. ஃபியூஸ் போனதும் அதனால்தான். ஆகவே எங்கோ ஒரே இடத்தில் எல்லாம் சேர்ந்து இரும்பைத் தொடுகின்றன. முத்துப்பேச்சி ஏறினால் தொடுகின்றன, இறங்கினால் விட்டுவிடுகின்றன.

"கனம்னா இப்பப் பாத்துருவோம்" என்று பக்கத்து மண்டியிலிருந்து ஐம்பது கிலோ வெங்காய மூட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, இடதுபக்க சீட்டில் உட்காரவைத்தார்கள். ஒன்றும் எரியவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு யாசினே ஏறினார். நல்லுசாமி ஓட்டினார்.

"பாய், செத்த இருங்க. அந்தப் பலகையில மட்டும் கால வச்சிராதீங்க. அது பேச்சி கால் வைக்கிற பலகை. கிரீசு ஒட்டிக்கிரும்."

சீட்டுக்குக் கீழே ஒரு சின்ன மரப்பலகை இருந்தது. மேலே மடித்த துண்டு ஒன்று விரித்திருந்தது. யாசின் நல்ல மனுஷர். காலை மடக்கிச் சீட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டார். பேகம்பூர் வரை போய்த் திரும்பினார்கள். குண்டு குழி ஒன்று விடாமல் ஏற்றி இறக்கியும் ஒரு விளக்கும் எரியவில்லை.

"நோயாளி இல்லாம நாடி பாக்க முடியாது" என்றார் யாசின், காலை நீட்டிச் சோம்பல் முறித்தபடி. "நாளைக்கு உங்க வீட்டுக்காரம்மாவக் கூட்டிட்டு வாங்க. வீட்டுல என்ன சேல கட்டி, என்ன பை எடுத்து, எப்பிடி உக்காருவாங்களோ அப்பிடியே வரணும்."

சொல்வது சுலபம். அன்று மதியம் முத்துப்பேச்சி கொல்லைப்பக்கம் உட்கார்ந்து சொத்தைக் கத்திரிக்காயைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நல்லுசாமி எதிரில் குந்தி உட்கார்ந்து, தானும் இரண்டு காயைப் புரட்டி, விஷயத்தைச் சொன்னார்.

"நான் வரல."

"செக் பண்றதுக்குத்தான் புள்ள."

"என்னத்த செக் பண்றது? எரியலன்னா நான் இத்தன நாளாப் பொய்க்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தவ ஆவேன். எரிஞ்சா ராசிகெட்டவ ஆவேன். அதை மெக்கானிக் கடையில நாலு பேரு முன்னால ஆவணுமாக்கும். ரெண்டுல எது வேணும் உங்களுக்கு?"

அவருக்கு இரண்டும் வேண்டாம். என்ன வேண்டும் என்பது நெஞ்சுக்குள் தெளிவாகத்தான் இருந்தது. வாய்க்கு வரும்போதுதான் எங்கேயோ சிக்கிக்கொண்டது. நல்ல காயைச் சொத்தையோடு போட்டார். அவள் அதை எடுத்துச் சரியான கூடையில் போட்டாள்.

"எட்டு நாளா ரேடியோவப் போட்டுக்கிட்டுப் போறேன்" என்றார் கடைசியில். "அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே வருது. நான் ஒண்ணு சொன்னா கேக்க மாட்டேங்குது."

முத்துப்பேச்சி நிமிரவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது. "நேத்து கல்லுப்பட்டியார் தோட்டத்துல போரு போட்டாங்களே, தண்ணி வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு. ஒன்ட்டச் சொல்லணும்னு இருந்தேன். சொல்ல எடமில்ல."

அவள் இன்னும் நாலு காயைப் பிரித்துப் போட்டாள். பிறகு அவள், "எரிஞ்சா நான் பஸ்ல திரும்பிருவேன். உங்க அக்கா காதுக்குப் போகக் கூடாது" என்றாள்.

மறுநாள் மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு, அவர் மட்டும் திரும்பிவந்து அவளை அழைத்துக்கொண்டு போனார். அவள் ஏறி உட்கார்ந்த அந்த நொடியே சிவப்பு விளக்கு எரிந்தது. வழி முழுக்கக் கீங், கீங். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவ்வளவு ஆசையாகக் காத்திருந்த அந்த அரை மணி நேரத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லுசாமிக்கு அழுகை வராத குறை.

யாசின் கடைமுன் நிறுத்தியதும் முத்துப்பேச்சி கதவைத் திறந்தாள்.

"அக்கா, எறங்காதீங்க! ஒக்காருங்க, ஒக்காருங்க!" என்று யாசின் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து கதவை மறுபடி சாத்தினார். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். எரிகிற இரண்டு விளக்கையும் ஃபுல்லில் நிற்கிற டீசல் முள்ளையும் பார்த்துவிட்டு, "மாஷா அல்லா" என்றார். முத்துப்பேச்சி இந்த ஆள் என்ன லூசா என்று புருஷனைப் பார்த்தாள்.

"அந்தப் பைய என்கிட்டக் குடுங்க."

கொடுத்தாள். விளக்கு எரிந்தது.

"கதவுல சாயாம முன்னால வாங்க."

வந்தாள். எரிந்தது.

"சீட்டுல இருந்து லேசா எந்திரிங்க."

எழுந்தாள். எரிந்தது. அவள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். நல்லுசாமி அவர்களை முறைத்தார்.

"இப்ப ஒக்காந்து, ரெண்டு காலையும் மேல தூக்குங்க."

அவள் சேலையை ஒதுக்கிக் காலைத் தூக்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. கதவு விளக்கும் அணைந்தது. டீசல் முள் ஃபுல்லிலிருந்து மெல்ல இறங்கிக் கால்வாசிக்கு வந்து நின்றது.

"கீழ வைங்க."

வைத்தாள். எல்லாம் எரிந்தன.

"தூக்குங்க. வைங்க. தூக்குங்க." யாசின் மீட்டரைப் பார்த்துக்கொண்டே சொல்ல, அவள் தூக்கித் தூக்கி வைக்க, விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்தன. பிறகு அவர் குனிந்து அந்தப் பலகையில் கையை வைத்தார்.

"பாய், கிரீசு..." என்று ஆரம்பித்த நல்லுசாமி, பாதியில் வாயை மூடிக்கொண்டார். அவருக்கு ஏதோ புரிய ஆரம்பித்துவிட்டது. புரிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

யாசின் சாக்கை விரித்து வண்டிக்கடியில் நுழைந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. "அக்கா, மிதிங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மிதித்தாள். "சரிதான்" என்றது குரல். பிறகு, "அண்ணே, இந்தப் பலகைய அடிச்சது யாரு?"

நல்லுசாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தரைத் தகரத்த ஓட்டை போட்டு ஒரு இஞ்சு கீழ வந்து நிக்குதண்ணே ஸ்க்ரூ. பின்னாடி போற வயர்க்கட்டு மொத்தமும் இதுக்கு நேர் அடியிலதான் போகுது. மிதிச்சாக் குத்துது. எடுத்தா விட்டுருது. இம்புட்டு நீளத்துல எவன்யா ஸ்க்ரூ போட்டது?"

"நான்தான் பாய்" என்றார் நல்லுசாமி, தன் காலைப் பார்த்தபடி.

முத்துப்பேச்சி குள்ளம். சீட்டில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. தொங்கிக்கொண்டே வந்து, மார்க்கெட்டில் இறங்கும்போது மரத்துப்போன காலை இரண்டு நிமிஷம் உதறிவிட்டுத்தான் நடப்பாள். அவள் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. அவராகப் பார்த்து, தைப்பொங்கல் கழித்து ஒரு மத்தியானம், அண்ணனின் டிரில் மிஷினை வாங்கி, பழைய பலகையை இழைத்து, அவள் உயரத்துக்குக் கீழே இரண்டு கட்டை கொடுத்துப் பொருத்தினார். கொல்லைக் கதவுக்குப் பூட்டு மாட்டியபோது மிஞ்சிய ஸ்க்ரூ டப்பாவில் கிடந்தது. சின்னதும் இருந்தது. ஆடக் கூடாது என்று பெரியதாகப் பொறுக்கினார். தை மாதம் பலகை வந்தது. தை மாதம் விளக்கும் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பலகை அவருக்கு வண்டியின் பாகமாகவே படவில்லை. ஏறுகிறவர்களிடமெல்லாம் அதை மிதிக்காதே, மிதிக்காதே என்று காவல் காத்து, கண்டுபிடிக்க வந்த மெக்கானிக்கையும் மிதிக்க விடாமல் பார்த்துக்கொண்டவரும் அவரேதான்.

யாசின் ஸ்க்ரூவைக் கழற்றி, வயர்க்கட்டைப் பிரித்து, தோல் உரிந்த இடங்களுக்கெல்லாம் டேப் சுற்றி, மேலே ரப்பர் குழாய் போட்டு, பக்கவாட்டில் தள்ளிக் கட்டினார். பலகையை அரை இஞ்சு ஸ்க்ரூவில் வேறு இடத்தில் பொருத்தினார். முத்துப்பேச்சி ஏறிக் காலை வைத்தாள். இரண்டு காலாலும் ஓங்கி மிதித்தாள். மீட்டர் இருட்டாகவே இருந்தது. டீசல் முள் கால்வாசியில் நின்றது.

அவள் அழுவாள் என்று நல்லுசாமி பயந்தார். திட்டுவாள் என்றும் பயந்தார். அவள் யாசினிடம் கையை நீட்டி அந்தப் பழைய ஸ்க்ரூவைக் கேட்டு வாங்கினாள். நீளத்தை விரலால் அளந்து பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா சின்னதாப் போடச் சொல்லிருப்பேன்ல" என்றாள். ஸ்க்ரூவை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பஞ்சவர்ணம் வாசலில் நல்லுசாமியின் தம்பி பெண்டாட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். வண்டியிலிருந்து முத்துப்பேச்சி இறங்குவதைப் பார்த்து, "என்னடி, இன்னைக்கும் கத்திக்கிட்டே வந்துச்சா?" என்றாள்.

முத்துப்பேச்சியின் கை முந்தானை முடிச்சுக்குப் போனது. ஆனால் அவள் அதை அவிழ்க்கவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், பார்த்தாள்.

நல்லுசாமி இந்த முறை செருப்பைத் தேடவில்லை. "அக்கா" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும், "அக்கா, கோளாறு பண்ணது நான். பலகைக்குப் போட்ட ஸ்க்ரூ வயர்ல குத்திருச்சு. அவ ராசிக்கு ஒரு கொறையும் இல்ல. இனிமே அவளை யாரும் அந்தப் பேச்சுப் பேசக் கூடாது. நீயுந்தான்" என்றார்.

பஞ்சவர்ணம் தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். அவளிடம் அவன் இப்படிப் பேசியதே இல்லை. "நல்லாத்தாம்லே இருக்கு. அம்புட்டுப் பெரிய ஸ்க்ரூவ எதுக்குப் போட்ட?"

"சின்னது போட்டா ஆடும்" என்றார் நல்லுசாமி. அண்ணன் வந்து நின்றார். தம்பி மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து நின்றான். எல்லோரும் கேட்கத்தான் சொன்னார். "அவளுக்குக் கால் எட்டாது. தொங்கிக்கிட்டே வந்தா மரத்துப்போகும். எனக்குப் பாக்கப் பொறுக்கல. அதான் போட்டேன்."

முத்துப்பேச்சி வாழ வந்த இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வாசலில் யாரும் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. முத்துப்பேச்சி விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். பஞ்சவர்ணம் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, "வெயிலு ஏறிருச்சு" என்று சொல்லி நடையைக் கட்டினாள். ரெண்டு எட்டு வைத்தவள் திரும்பி, "பலகையில மெத்துன்னு எதையாச்சும் ஒட்டுலே. துண்டு மட்டும் பத்தாது, காலு நோகும்" என்றாள்.

மறுநாள் காலை நல்லுசாமி தொட்டிக்குப் பக்கத்தில் வாய் நிறைய பற்பசை நுரையோடு நின்றுகொண்டிருந்தார். பூ மூட்டைகள் ஏற்றியாகிவிட்டது. இன்றைக்கு எப்படி ஹாரன் அடிப்பது, வழக்கம்போல் இரண்டா, இல்லை ஒன்றோடு நிறுத்திக்கொள்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. இரண்டு தடவை, நீட்டி.

எட்டிப் பார்த்தார். முத்துப்பேச்சி சீட்டில் உட்கார்ந்து, பலகையில் கால் ஊன்றி, ஸ்டியரிங் பக்கம் எக்கி மூன்றாவது தடவையும் அடித்துக்கொண்டிருந்தாள். நல்லுசாமி வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார்.